பணம் கட்டாத கேட்

காசு கொடுத்து வாங்கிய பொருளைவிட ஓசியில் கிடைத்த பொருளைத்தான் நான் அதிகம் நம்புவேன். பிறவிக் கோளாறு. இதனால் ஒரு வேலையும் இருக்க ஒரு நல்ல வீடும் கைவிட்டுப் போயின. என் மனைவி இதை வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். எனக்கு இன்னும் முழுசாகச் சிரிப்பு வருவதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், டிப்ளமா முடித்த திமிரோடு மண்ணூர்பேட்டையில் ஓர் இரும்புப் பட்டறையில் வரைபடம் போடச் சேர்ந்தேன். முதலாளி ஆரோக்கியசாமி. யாருக்குப் பணம் தர வேண்டியிருந்தாலும் "அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்பார். அந்த வாரம் எந்தக் காலண்டரிலும் வந்ததில்லை. என்னையும் அப்படித்தான், பயிற்சியாள் என்ற பெயரில் அரைச் சம்பளத்துக்கு வைத்திருந்தார்.

அப்பாவுக்கு ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை. ஓய்வு பெற இன்னும் சில மாதங்கள்தான். ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். நான் நிரந்தரமானால் இரண்டு அறையுள்ள வாடகை வீடு பார்க்கலாம். வீட்டில் எல்லோருடைய கண்ணும் என் மேல்தான் இருந்தது.

அப்போதுதான் நகரத்திலிருந்து டை கட்டிய ஒருவர் வந்து, கம்ப்யூட்டரில் வரைபடம் போடும் சாப்ட்வேரை இலவசமாகக் கொடுத்தார். "சின்னத் தொழில் வளரணும் சார்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. (மடையன்.) அன்றே முதலாளியிடம் பேசி, பட்டறையிலிருந்த வரைபடப் பலகைகளைப் பழைய இரும்புக் கடைக்குத் தள்ளிவிட்டேன். இனி பென்சிலே தேவையில்லை என்று பிரசங்கம் வேறு செய்தேன்.

நாங்கள் அந்தச் சாப்ட்வேருக்கு நன்றாகப் பழகிய பிறகு டைக்காரர் மறுபடி வந்தார். இலவசக் காலம் முடிந்துவிட்டதாம். அவர் சொன்ன விலைக்கு ஒரு பழைய லேத் மெஷின் வாங்கலாம். பணம் கட்டாததால் சாப்ட்வேர் ஒருநாள் காலையில் திறக்கவே மறுத்துவிட்டது. பலகையும் இல்லை, பென்சிலும் இல்லை.

"சேகர், இதே மாதிரி வேற ஒண்ணு ஓசியில கெடைக்குதா பாரு. இல்லன்னா பலகைக்கு நீதான் காசு தரணும்" என்றார் முதலாளி.

தேடினேன். நண்பன் ஒருவன் கொடுத்த ஃபிளாப்பியில் இருந்த சாப்ட்வேர் வட்டம் போடச் சொன்னால் எட்டு மூலையோடு ஏதோ போட்டது. அம்பத்தூர் ஓ.டி.யில் ஒரு கடைக்காரர் தந்ததில் எல்லாம் ஏதோ வெளிநாட்டு மொழி. கடைசியில் ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு வந்த ஃபிளாப்பியில் சொக்கத்தங்கமாக ஒன்று சிக்கியது. ஒரே தொல்லை, திறக்கும்போதெல்லாம் "பணம் கட்டிவிட்டீர்களா?" என்று கேட்கும். நான் "ஆமாம்" என்று தட்டுவேன். தினமும் காலையில் பல் துலக்குவதுபோல ஒரு பொய்.

அந்தச் சமயத்தில் முதலாளி திருவேற்காட்டில் வீடு கட்டி முடித்திருந்தார். அதன் இரும்பு கேட்டுக்கு நான் படம் போட வேண்டும். "ஃபாதர் வந்து வீடு மந்திரிக்கிற அன்னைக்கு அவர் முன்னாடியே உன்னை நிரந்தரம் பண்றேன்" என்றார். உயிரைக் கொடுத்துப் போட்டேன். மேலே சிலுவை, இரண்டு பக்கமும் திராட்சைக் கொடி, நடுவில் புறா. வெளியே ஒரு கடையில் அசல் அளவுக்குப் பெரிய தாளில் அச்செடுத்து, சுருட்டிய சுருளைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் கேஸ் தீயால் இரும்பை வெட்டும் மணி அண்ணனிடம் கொடுத்தேன். கம்ப்யூட்டர் போட்டதைச் சரிபார்ப்பது எனக்குக் கௌரவக் குறைச்சல்.

மந்திரிப்பு அன்று காலையில்தான் கேட்டைக் கொண்டுவந்து மாட்டினார்கள். மேலே வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது. இரும்புக் கடைக்காரர், பெயின்ட் கடைக்காரர், சிமென்ட்காரர் என்று முதலாளி பணம் தர வேண்டிய அத்தனை பேரும் விருந்துக்காவது போவோம் என்று வந்திருந்தார்கள். அப்பா சலவைச் சட்டையில் முன்வரிசையில் நின்றார். ஃபாதர் தீர்த்தம் தெளித்துத் துணியை விலக்கினார்.

சிலுவை அழகு. புறா அழகு. கீழே, கேட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, இரும்பை வெட்டித் தங்க நிறப் பெயின்ட் அடித்த ஆங்கில எழுத்துகள். பைபிள் வசனம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

தொழிற்சாலையில் நோட்டீஸ் போர்டை எல்லோருக்கும் படித்துக் காட்டுவது அப்பாவின் வழக்கம். மகன் போட்ட படமாயிற்றே. நெஞ்சை நிமிர்த்தி உரக்கப் படித்து, படிக்கத் தெரியாதவர்களுக்காகத் தமிழிலும் சொன்னார்: "இதற்கு இன்னும் பணம் செலுத்தப்படவில்லை."

சாப்ட்வேர் என் பொய்யை நம்பியிருக்கவில்லை. திரையில் காட்டாததைத் தாளில் அடித்துவிட்டது.

முதலில் சிரித்தவர் பெயின்ட் கடைக்காரர். "எங்க பெயின்ட்லயே எழுதிட்டாரு சார்!" என்றார். அப்புறம் சிமென்ட்காரர். அப்புறம் பந்தலே குலுங்கியது. ஃபாதர் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினார்.

நான் மணி அண்ணனைப் பிடித்து உலுக்கினேன். "என்ன அண்ணே இது?"

"இன்னாடா என்னியக் கேக்குற? நீ குட்த்த படத்துல இன்னா கீதோ அத்த வெட்னேன். எனுக்கு இங்கிலீஷ் தெரியுமா? அந்த எழுத்தெல்லாம் ஊந்துடாம வெட்டறதுக்குள்ள தாவு தீந்துபூட்ச்சி. ஆமா, இன்னா எழுதிக்கீது?"

சொன்னேன். கேட்டை ஒருதரம் திரும்பிப் பார்த்தார். "நெசந்தானே? எனுக்கும் இன்னும் துட்டு வர்ல."

விருந்து முடியும்வரை முதலாளி காத்திருக்கவில்லை. வாழையிலை போடும்போதே என்னை வெளியே போகச் சொன்னார். எனக்குச் சேர வேண்டிய சம்பளத்தைக் கேட்டேன். "அடுத்த வாரம் வா" என்றார். அவர் மேல் எனக்கு இன்றும் ஆத்திரம்தான். டைக்காரர் மேல் அதைவிட.

குவார்ட்டர்ஸைக் காலி செய்து பூந்தமல்லியில் ஒற்றை அறைக்குப் போனோம். அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எதையும் அவர் உரக்கப் படிக்கவில்லை, பஸ் போர்டைக்கூட. அது எனக்குத் திட்டைவிட வலித்தது.

இப்போது எங்கள் குடும்பத்தில் யாராவது ஓசியில் எதையாவது வாங்கி வந்தால், "கேட்டுல எழுதிடுவாங்க, ஜாக்கிரதை" என்பார்கள். என் மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரி பில்லைக் கட்டிவிட்டு வந்த என்னிடம், குழந்தையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "எழுத்து ஒண்ணும் இல்லடா" என்றார் அப்பா. அன்றைக்குத்தான் அவர் அதைப் பற்றி முதன்முதலாக வாயைத் திறந்தார். நான் சிரித்தேன். பிறகு வராந்தாவுக்குப் போய் அழுதேன்.

போன மாதம் திருவேற்காட்டில் மணி அண்ணனைப் பார்த்தேன். அந்த கேட் இன்னும் இருக்கிறதாம். எழுத்துகளின் மேல் நீளமாக ஒரு தகடு வைத்து மூடியிருக்கிறார்கள், பற்றவைத்தது அவரேதான்.

"அந்தத் தகட்டுக்கும் இன்னும் துட்டு குட்க்கல நைனா" என்றார்.