கறுப்பு பானெட்டில் ஒரு சொல்

மரக்காணம்,
புதன்கிழமை.

சங்கீதாவின் வீட்டுக்காரர் மரியாதைக்குரிய ஜெயசீலன் அவர்களுக்கு, மாமனார் ஆதிமூலம் இரு கை கூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தை திரௌபதியும் உயிரோடு இருக்கிறோம். அங்கே உங்கள் உடம்பும் மனசும் திடமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்துக்கு இரண்டும் தேவைப்படும். உறவைச் சொல்லாமல் பெயர் சொல்லி எழுதுகிறேனே என்று கோபப்படாதீர்கள். அந்த உறவுச் சொல்லை எழுதித்தான் கெட்டேன். நாளை நீங்கள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அத்தை இதைக் கையில் கொடுப்பாள். ஷெட் பக்கம் போகாமல், நிழலில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுப் படிக்கவும்.

நான் எழுதும் முதல் கடிதம் இது. யுவராணி டீச்சர் நடத்தும் முதியோர் வகுப்பில் சேர்ந்ததிலிருந்து என் கட்டைவிரல் மசி படாமல் சுத்தமாக இருக்கிறது. மேலே ‘நிழலில்’ என்று எழுதியிருக்கிறேனே, அதில் ழ எவ்வளவு அழகாக விழுந்திருக்கிறது பாருங்கள். பார்த்துவிட்டு அடுத்த வரிக்கு வாருங்கள். துக்கம் அங்கே ஆரம்பிக்கிறது.

உங்கள் தங்கை கல்யாணத்துக்குப் பெண்ணும் பிள்ளையும் ஊர்வலம் போகவென்று வாங்கிய புதுக் காரை, திண்டிவனம் மண்டபத்துக்குப் பக்கம் என்பதால் எங்கள் ஷெட்டில் விட்டுவிட்டு, “தூசி படாம மட்டும் பாத்துக்கங்க மாமா” என்று சொல்லி நீங்கள் பெங்களூருக்குப் போனீர்கள். “அப்பா கிட்ட விட்டா பத்திரமா இருக்கும்” என்று உங்களிடம் வாதாடியது சங்கீதா. ஆனால் நான்கு பக்கமும் உப்பளம். காற்று அடித்தால் உப்புத்தூள்தான் வரும். திங்கட்கிழமை காலையில் போய்ப் பார்க்கிறேன், கறுப்பு பானெட் முழுவதும் மெல்லிசாக வெள்ளை படர்ந்து, துடைத்து வைத்த கரும்பலகையில் மாவு தூவினதுபோல நிற்கிறது. படிக்கத் தெரியாதவன் கண்ணுக்கு அது தூசி. எனக்கு அது சிலேட். உங்கள் மேல் உள்ள மரியாதையில், அப்போதுதான் வகுப்பில் கற்றிருந்த அந்த உறவுச் சொல்லை விரலால் அழுத்தி, பெரிதாக எழுதினேன். ஆயுசு முழுக்க உப்பு வாரிய விரல் இது. கீழே உப்புக்கல் நறநறவென்று அரைபட்டது காதுக்குத்தான் கேட்டதே தவிர விரலுக்குத் தெரியவில்லை. கேட்ட காது, நல்லா வருது என்று சந்தோஷப்பட்டது.

அத்தை ஈரத்துணியால் துடைத்தாள். உப்பு போய்விட்டது. எழுத்து போகவில்லை. “யோவ், இன்னாய்யா பண்ணி வெச்சிருக்கிற? உனுக்கு எழுதச் சொல்லிக் குடுத்தவங்க பேப்பர் இன்னான்னு சொல்லிக் குடுக்கலியா?” என்றாள். நியாயமான கேள்விதான்.

உடனே கூனிமேட்டுக்கு ஓடினேன். பெயிண்ட் கடை பாயிடம், புதுக் காரில் கீறல், யாருக்கும் தெரியாமல் மறைய வேண்டும் என்றேன். அவர் ஒரு ஸ்ப்ரே டப்பாவை எடுத்து வைத்து, “க்ளியர் கோட் பெரியவரே. டக்குனு காஞ்சிடும், கண்ணாடி மாதிரி நிக்கும். ஆனா முதல்ல வாட்டர் பேப்பர் போட்டு நல்லா தேய்ச்சிடணும், சரியா?” என்றார். சரி என்றேன். பேப்பரைக் காசு கொடுத்து வாங்குவானேன் என்று, வீட்டிலிருந்த பழைய செய்தித்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தேன். வாட்டர் பேப்பர் என்பது உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பான வேறு தாள் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

நேற்று விடியற்காலை, ஊர் எழுவதற்குள் முடித்துவிடலாம் என்று டப்பாவைக் கையில் எடுத்தேன். அதன் முதுகில் தமிழில் பொடி எழுத்து. ‘வி ரை வி ல் உ ல ரு ம்’ என்று நானே படித்தேன். ஒருவர் உதவியும் இல்லை! அந்தக் குஷியில் அடுத்த வரிக்குப் போகாமல் கீறிய எழுத்தின் மேலேயே அடித்துவிட்டேன். அது விரைவில் உலர்கிறது, நான் மெதுவாகப் படிக்கிறேன், இரண்டும் எப்படி ஒத்துப்போகும்? ‘ஈரக் காற்றில் அடிக்க வேண்டாம்’ என்பதை நான் கூட்டி முடித்தபோது பனிக்காற்று பட்டுக் கீறலெல்லாம் பால்போல் வெளுத்து உறைந்துவிட்டது. குனிந்து பார்த்தால் மட்டும் தெரிந்த எழுத்து இப்போது ரோட்டிலிருந்தே தெரிகிறது.

வண்டியில் போன பாயை நிறுத்திக் கூட்டிவந்து காட்டினேன். அவர் பானெட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“மாப்பு... இல்லை. யா அல்லா, யாருக்குப் பெரியவரே மாப்பு இல்ல?”

“மாப்பிள்ளைன்னு எழுதியிருக்கேன் பாய்.”

“பெரிய ள போடணும். நீங்க சின்ன ல போட்டு மாப்பில்லைன்னு எழுதியிருக்கீங்க. மன்னிப்பே கிடையாதுன்னு அர்த்தம். இதுல கல்யாண ஊர்வலமா?”

சின்ன ல, பெரிய ள என்று டீச்சர் தலையில் அடித்துக்கொண்டு சொன்னது அப்போதுதான் என் காதில் ஏறியது. “இனி இது பாண்டிச்சேரி பட்டறைக்காரன் வேலை. நீங்க கை வெக்காதீங்க” என்று சொல்லிவிட்டுப் பாய் போய்விட்டார். போகும்போது அவர் தோள் குலுங்கியது. அழுதார் என்றே வைத்துக்கொள்கிறேன்.

நேற்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கார் போனால் வரும். உங்கள் சொந்தபந்தம் கூடிய இடத்தில், “உன் அப்பன் லட்சணம் இதுதானா” என்று ஒரு வார்த்தை சங்கீதா காதில் விழுந்தால் அவள் தலை நிமிர மாட்டாள். நான் எழுதப் பழகுகிறேன் என்று ஊரெல்லாம் போன் போட்டுச் சொன்ன பிள்ளை அது. திட்டுவதென்றால் என்னைத் திட்டுங்கள், அவளை ஒன்றும் சொல்லாதீர்கள். இனி அந்தக் கார் பக்கம் போகமாட்டேன். தாளைத் தவிர வேறெதிலும் எழுதமாட்டேன். இது சத்தியம்.

மணமக்கள் நோய்நொடி இல்லாமல் பல்லாண்டு வாழட்டும். உங்கள் கோபம் சீக்கிரம் உலரட்டும்.

இப்படிக்கு, மிகவும் நொந்துபோன
ஆதிமூலம் (கையெழுத்து, கைநாட்டு அல்ல)

பின்குறிப்பு: அத்தை கையில் கொடுப்பாள், உட்கார்ந்து படியுங்கள் என்று சொன்னதை ரத்து செய்கிறேன். இந்தத் தாளை நீங்கள் நின்றுகொண்டுதான் படிக்க முடியும். கையெழுத்துப் போடும் முன் டப்பாவை ஆட்டிப் பார்த்தேன், உள்ளே கொஞ்சம் மீதி இருந்தது. வீணாக்குவானேன் என்று எழுத்தின் மேல் அடித்தேன். விரைவில் உலரும் என்பதை நம்பி, வழவழப்பான இடமாயிற்றே என்று தாளை பானெட்டில் வைத்துக் கையெழுத்திட்டேன். கடற்காற்றில் அது உலரவில்லை, ஒட்டிக்கொண்ட தாள் எடுத்தால் வரவில்லை. மற்ற தாள்களை வைப்பரின் அடியில் செருகியிருக்கிறேன். இதைப் பேனாவை அழுத்தாமல் எழுதுகிறேன்.

ஒன்று கவனித்தேன். தாள் ஒட்டியதில் பி-யின் மேல் கொக்கியும் ‘ல்லை’யும் மறைந்துவிட்டன. ‘மாப்ப’ மட்டும் வெளியே நிற்கிறது. அந்தக் கடைசி ப-வைப் பு ஆக்க ஒரு சின்னக் கோடு போதும், மாப்பிள்ளை. அதை நான் போடவில்லை. உங்கள் கைக்கு விட்டுவிட்டேன்.