ஒரு சொட்டும் சிந்தாத ஆற்றல்

காகிதம், அச்சு, திசைகாட்டி, வெடிமருந்து ஆகிய நான்கையும் உலகத்துக்குக் கொடுத்தவர்கள் நாங்கள்தான் என்று எங்கள் சீன நாட்டுப் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. ஐந்தாவதை ஏன் விட்டுவிட்டார்கள் என்று எனக்கு விளங்கவே இல்லை. ஷான்தோங் மாகாணத்தில், எங்கள் நகரத்து விளையாட்டுப் பள்ளியின் இரண்டாவது மாடியில் அது கண்டுபிடிக்கப்பட்டது: பந்து இல்லாமலேயே கூடைப்பந்து ஆட்டக்காரரைக் கண்டுபிடிக்கும் முறை. அதைக் கண்டுபிடித்த 'ஆற்றல் முன்கணிப்புக் குழு'வின் செயலாளர் அடியேன்தான்.

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பார்கள். நாங்கள் முளை வரைக்கும்கூடக் காத்திருப்பதில்லை. விதை போட்டவரையே வரச்சொல்லி அளந்து பார்த்துவிடுவோம். பிள்ளையின் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து, அப்பா அம்மா உயரத்தைக் கூட்டிக் கழித்து, பதினெட்டு வயதில் அது எவ்வளவு உயரம் நிற்கும் என்று எங்கள் டாக்டர், யின் என்ற பெயர்கொண்ட அம்மா, ஒரு எண்ணைச் சொல்வார். அந்த எண்தான் ஆட்டக்காரர். மற்றபடி பிள்ளை ஓடுமா, குதிக்குமா, பந்தைக் கண்டால் அழுமா என்பதெல்லாம் பாமரர்களின் கவலை.

எங்கள் தலைவர் குவாங் இன்னும் ஒரு படி மேலே போனவர். தேர்வறை வாசல் நிலையின் உயரத்தைத் தச்சரை வைத்துக் குறைத்துவிட்டார். உள்ளே வரும்போது எந்தப் பிள்ளை தலையில் இடித்துக்கொள்கிறதோ அதற்கு முதல் தர முத்திரை. விஷயம் ஊருக்குள் பரவியதும் அம்மாமார் வீட்டில் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தார்கள். இடுப்பு உயரம்கூட இல்லாத பொடிசெல்லாம் எகிறிக் குதித்து நெற்றியில் இடித்துக்கொண்டு வந்தன. "பாருங்க, விளையாட்டு மேல என்னா வெறி!" என்று தலைவர் கண்கலங்கினார்.

பந்துக்கு மட்டும் உள்ளே அனுமதி கிடையாது. ஒருமுறை எவனோ கொண்டுவந்த பந்து உருண்டு தலைவரின் தேநீர்க் குடுவையை உடைத்ததிலிருந்து, அது 'மதிப்பீட்டுக்கு இடையூறான பொருள்' என்று அறிவிக்கப்பட்டுவிட்டது. வருகிற பந்துகளை வாங்கி என் மேசைக்கடியில் வைத்துக்கொள்வது என் பொறுப்பு.

இந்த இடத்தில் பியான் சாங்ஹெயைப் பற்றிச் சொல்லாவிட்டால் என் நாக்கு அழுகிவிடும். எங்கள் குழுவின் தலைசிறந்த வெற்றி அவர். பத்து வயதில் அவரைப் பார்த்து இரண்டு மீட்டர் மூன்று சென்டிமீட்டர் என்றோம். மில்லிமீட்டர் பிசகாமல் வந்து நின்றார். எட்டு வருடம் அணியில் இருந்தார், மாற்று ஆட்டக்காரர்களின் பலகையில் உட்கார்ந்தபடி. பந்து வந்தால் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொள்வார் என்பது ஒரு சின்னக் குறை. இப்போது பள்ளி வாசலில் மரத்தடியில் நிற்கிறார். தேர்வு நாளில், அப்பா குள்ளமாக இருக்கும் குடும்பங்களுக்கு வாடகை அப்பாவாக வருவார். கூலி ஒரு முழு வாட்டுக்கோழி. அதில் ஒரு கால் எனக்கு வரும். அது லஞ்சம் இல்லை, பகிர்ந்துண்ணும் பண்பு.

தேர்வு நாட்களில் தலைவருக்கு ஒரே ஒரு சந்தேகம் வரும்.

"செயலாளரே, நம்ம ஊர்ல உயரமான அப்பாக்கள் எல்லாம் ஒரே சாடையா இருக்காங்களே, கவனிச்சீங்களா?"

"ஆமாங்க தலைவரே. மரபணு."

"சட்டைகூட ஒண்ணாத்தான் இருக்கு."

"மரபணு ஆழமாப் போயிருக்குங்க."

தலைவர் அதைக் குறித்துக்கொள்வார்.

நான் சொல்ல வந்தது பெண்கள் அணியில் கடைசியாக ஒரே ஒரு இடம் பாக்கி இருந்த நாளைப் பற்றி. காலையில் வந்த சியாங் வீட்டுப் பெண் நாற்காலியில் உட்கார்ந்ததும் தூங்கிவிட்டது. பியானின் மகளாக அதற்கு நல்ல எண் கிடைத்திருந்தது. மத்தியானத்துக்கு மேல் லிங்ஷு வந்தாள். பன்னிரண்டு வயது. கடைத்தெருவில் மாந்தோ என்கிற மாவு உருண்டைகளை அவித்து விற்கும் தெங் அக்காவின் மகள். படிக்கட்டில் வரும்போதே தம் தம் என்று பந்துச் சத்தம் கேட்டது. வாசலில் பிடுங்கினேன்.

"குடுத்துருவீங்கல்ல மாமா?"

"விதிமுறைப்படி."

"விதிமுறைப்படின்னா குடுப்பீங்களா, மாட்டீங்களா?"

பந்தை இடுக்கிக்கொண்டு அவளை உள்ளே அனுப்பினேன். இந்தப் பிள்ளைக்கு இங்கே இடம் கிடைக்காவிட்டால் பந்தை மறந்துவிட்டு மாவு பிசைய வேண்டியதுதான். கடைத்தெருவில் மைதானம் கிடையாது, பெண்களுக்கு வேறு அணியும் கிடையாது. அவளுக்கும் அது தெரியும். நகத்தைக் கடித்துக் கடித்து விரல் நுனி சிவந்திருந்தது.

பின்னாலேயே தெங் அக்காவும், அன்றைக்கு மூன்றாவது முறையாக அப்பாவான பியானும் வந்தார்கள். பியான் நிலையில் இடித்துக்கொண்ட சத்தத்துக்கே தலைவர் எழுந்து நின்றுவிட்டார். எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் யின் அம்மா கணக்குப் போட்டுச் சொன்னார்: "ஒண்ணு எண்பத்தாறு!"

ஒரு மீட்டர் எண்பது இருந்தாலே போதும். தலைவர் கைதட்டினார். தெங் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். லிங்ஷு நின்ற இடத்திலேயே நாலு குதி குதித்தாள்.

"குடும்பப் பதிவுப் புத்தகத்தைக் குடுங்கம்மா, முத்திரை குத்திரலாம்" என்றேன்.

தெங் அக்கா பையைத் துழாவினாள். முகம் வெளுத்தது. புத்தகம் வீட்டில்.

அந்த நேரம் பார்த்துப் படியில் யாரோ மூச்சிரைக்க ஓடிவரும் சத்தம் கேட்டது. கை முழுக்க மாவு, கையில் புத்தகம், ஒன்று அறுபது உயரத்தில் ஒரு மனிதர். எங்கள் தாழ்ந்த நிலைக்கதவுக்குள் குனியாமலேயே நுழைந்தார். நுழைந்த பிறகும் தலைக்கு மேலே ஒரு சாண் மிச்சம் இருந்தது. ஒரு கதவு ஒரு மனிதரை இவ்வளவு அவமானப்படுத்தி நான் பார்த்ததில்லை.

"அப்பா! எனக்குக் கிடைச்சிருச்சுப்பா!" என்று லிங்ஷு ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டாள்.

தலைவர் பியானைப் பார்த்தார், மாவுக்காரரைப் பார்த்தார்.

"பாப்பா, இதுல யாரு உங்க அப்பா?"

லிங்ஷு பியானைக் காட்டினாள். "இவரு மத்தியானத்துல இருந்து அப்பா." பிறகு மாவுக்காரரைக் காட்டினாள். "இவரு நான் பொறந்ததுல இருந்து."

"அவரு பெரியப்பாங்க!" என்று தெங் அக்கா பியானைக் காட்டிப் பாய்ந்தாள். "ஒறவு முறையில அப்பா மாதிரிதானே?"

"பெரியப்பாவுக்குக் கணக்குல இடம் இல்லையே" என்று டாக்டர் யின் அம்மா உண்மையான வருத்தத்துடன் சொன்னார்.

தலைவர் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "அம்மா, அவசரப்படாம நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இவருதான் அப்பாவா? நிச்சயமாவா? வேற வாய்ப்பே இல்லையா?"

தெங் அக்காவின் முகம் செக்கச்செவேல் என்று ஆனது. "யோவ்! எம்பொண்ணு பந்து வெளையாடணும்னா நான் நடத்தை கெட்டவளா இருக்கணுமா?"

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. நான் தனிப்பட்ட முறையில கேக்கல. அறிவியல் முறையில கேக்குறேன்."

"அறிவியல் முறையில செருப்பு பிஞ்சிரும்!"

அப்போதுதான் அந்த அப்பா வாயைத் திறந்தார். ஃபூ குவெய்ஷான் என்பது அவர் பெயர். "ஐயா, என்னைக் கணக்குல சேக்காதீங்க. நான் வெளிய போயி நின்னுக்கிறேன். வேணும்னா நான் அப்பாவே இல்லைன்னு எழுதிக்குங்க. கையெழுத்துப் போட்டுத் தரேன்."

"எழுதாதீங்க!" என்று லிங்ஷு கத்தினாள். "எழுதுனீங்கன்னா எனக்கு இந்த இடமே வேணாம்!"

நான் குவளைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். நல்லவேளை, தேநீர் சூடாக இருந்தது. டாக்டர் யின் அம்மா புதுக் கணக்குப் போட்டார். ஒன்று அறுபத்து நாலு. இருபத்திரண்டு சென்டிமீட்டர் பெண் ஒரு நிமிடத்தில் காற்றோடு போய்விட்டாள்.

"அடுத்து யாராவது இருக்காங்களா?" என்றார் தலைவர்.

"இருங்க! ஒரே ஒரு தடவை பாருங்க! யாருமே பாக்கலையே!"

சொல்லி முடிப்பதற்குள் லிங்ஷு என் மேசைக்கடியில் புகுந்து பந்தை எடுத்துவிட்டாள். அப்புறம் நடந்ததை ஒரு அரசு ஊழியன் வர்ணிக்கக் கூடாது. ஆனாலும் சொல்கிறேன். பந்தைத் தட்டிக்கொண்டே கிளம்பினாள். நாக்கு ஒரு பக்கம் தொங்கியது. பந்தோடு எத்தனை அடி வைக்கலாம் என்ற விதி எதையும் அவள் மதிக்கவில்லை. பழக்கிவிட ஆள் இல்லாத முரட்டுக் கை, பச்சை ஆட்டம். ஆனால் டாக்டர் யின் அம்மாவை இடப்பக்கம் பார்க்க வைத்துவிட்டு வலப்பக்கம் போனாள். அந்த அம்மா எக்ஸ்ரே படத்தோடு ஒரு சுற்றுச் சுற்றி நாற்காலியில் விழுந்தார். நான் மறித்தேன். என்னையும் எதையோ நம்ப வைத்தாள், எதை என்று இன்றுவரை தெரியவில்லை. பியான் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டார். அவர் கால்களுக்கு நடுவே பந்தை விட்டு, அந்தப் பக்கம் ஓடிப் பிடித்து, சுவரோரம் இருந்த குப்பைத் தொட்டிக்குள் அறையின் மறு கோடியிலிருந்து வீசினாள்.

விழுந்தது.

தலைவர் குவாங் "அடி சக்கை!" என்று எழுந்து குதித்தார். புதுக் குடுவையும் உடைந்தது. அதைக்கூடக் கவனிக்காமல் சின்னப்பிள்ளை மாதிரி சிரித்தார். "இன்னொரு தடவை! இன்னொரு தடவை போடு!" இன்னொரு தடவை போட்டாள். அதுவும் விழுந்தது. நான் கைதட்டினேன், பியான் விசிலடித்தார், ஃபூ குவெய்ஷான் மாவுக் கையோடு முகத்தைத் துடைத்துத் துடைத்து வெள்ளைக்காரர் போல ஆகிவிட்டார். அந்த இரண்டு நிமிடம் எங்கள் குழு தன் கடமையை மறந்து சந்தோஷமாக இருந்தது என்பதை வெட்கத்தோடு பதிவு செய்கிறேன்.

பிறகு தலைவர் உட்கார்ந்தார். சட்டையை நீவி விட்டுக்கொண்டார். முகம் மெல்ல மெல்ல அலுவலகமாக மாறியது.

"நல்லா ஆடுறா."

"ஆமாங்க தலைவரே!"

"அதுதான் சிக்கல். நம்ம குழுவோட பேரு என்ன?"

"ஆற்றல் முன்கணிப்புக் குழுங்க."

"ஆற்றல்னா என்ன? உள்ள இருக்கிறது. இன்னும் வெளிய வராதது. இந்தப் பொண்ணுக்கு எல்லாம் வெளிய வந்துருச்சு. உங்க கண்ணு முன்னாடியே கொட்டித் தீத்துட்டா. இனிமே உள்ள என்ன மிச்சம் இருக்கும்?"

டாக்டர் யின் அம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "மிச்சம் எதுவும் தெரியல தலைவரே."

"ஆனா காலையில வந்துச்சே, சியாங் வீட்டுப் பொண்ணு..."

"தூங்குச்சுங்களே."

"அதைத்தான் சொல்றேன்! ஆற்றல் முழுசா அப்படியே உள்ள இருக்கு. ஒரு சொட்டுகூடச் சிந்தல!"

இப்படி ஒரு மூளை எங்கள் ஊரில் பிறந்ததை எண்ணி எனக்குப் புல்லரித்தது. இடம் சியாங் வீட்டுப் பெண்ணுக்குப் போனது. லிங்ஷுவின் பெயருக்கு நேரே "விளையாட்டு வீராங்கனை ஆகமாட்டாள்" என்று என் அழகான கையெழுத்தில் எழுதி முத்திரை குத்தினேன். பந்து விதிமுறைப்படி எங்களிடமே தங்கியது. அவள் அழவில்லை. அப்பாவின் மாவுக் கையைப் பிடித்துக்கொண்டு, நிலைக்கதவில் இடிக்காமல், இருவரும் வெளியே போனார்கள்.

முன்கணிப்பு சரியாக இருந்ததா என்று பின்னால் சரிபார்ப்பதும் எங்கள் கடமை. ஆறு வருடம் கழித்து அளவுநாடாவோடு கிளம்பினேன். சியாங் வீட்டுப் பெண் அணியில்தான் இருந்தாள், பலகையில். ஒன்று ஐம்பத்தெட்டு. 'உயரம் இன்னும் வந்து சேரவில்லை' என்று அறிக்கையில் எழுதிக்கொண்டேன். கடைத்தெருவுக்குப் போனால் தெங் அக்காவின் கடை முன்னால் ஒரே கூட்டம், ஒரே கும்மாளம். பாதிப் பேர் தெருவுக்கு அந்தப் பக்கம் பையை விரித்துப் பிடித்தபடி நின்றார்கள். ஆவி பறக்கும் மாந்தோக்கள் சைக்கிள்களுக்கும் தலைகளுக்கும் மேலே பறந்து போய், ஒன்று தவறாமல், அவரவர் பைக்குள் விழுந்தன. "எனக்குத் திரும்பி நின்னு போடு!" என்று ஒரு கிழவர் கத்தினார். திரும்பி நின்று போட்டாள். தெருவே ஆர்ப்பரித்தது.

லிங்ஷு என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

"வாங்க செயலாளர் மாமா. அளக்க வந்தீங்களா? அளந்துக்குங்க."

நான் முக்காலியில் ஏறி அளந்தேன். ஒன்று எண்பத்து மூன்று.

"நீங்க சொன்னது அறுபத்து நாலு" என்றாள். "கணிப்பு தப்பாப் போச்சே மாமா?"

"உயரம் கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கும்மா. ஆனா வீராங்கனை ஆகமாட்டேன்னு எழுதியிருந்தோம் பாரு... ஆனியா?"

கையிலிருந்த மாந்தோவை அடுத்த பைக்குள் வீசினாள். "இல்ல மாமா. ஆகல" என்றாள்.

'கணிப்பு பலித்தது' என்று எழுதிக்கொண்டேன். இந்த வருடம் மட்டுமில்லை, எங்கள் குழு வேண்டாம் என்று ஒதுக்கிய எந்தப் பிள்ளையும் இன்றுவரை ஆட்டக்காரராக ஆனதில்லை. நூற்றுக்கு நூறு. மாகாணத்தில் இதற்கு எங்களுக்குப் பொற்பதக்கம் தந்து, இந்தத் துல்லியம் எப்படி சாத்தியமானது என்று எல்லாரும் வியந்து கேட்டார்கள். இதில் வியக்க என்ன இருக்கிறது? ஜோசியம் சொன்னவன் கையிலேயே கழுத்தை நெரிக்கும் உரிமையையும் கொடுத்துவிட்டால், எந்த ஜோசியம்தான் பலிக்காது?