தலைவரின் ரசிகருக்கு வந்த குஷிங் நோய்

பேச்சைக் கேட்கும் கலை உலகத்தில் அழிந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். அந்த அருங்கலை ரொறன்ரோவின் கிழக்கே, மோர்னிங்சைட்டில், ஒரு வீட்டின் பேஸ்மென்றில், நான்கு கால்களோடும் இரண்டு தொங்கு காதுகளோடும் சீரும் சிறப்புமாக வாழ்ந்துகொண்டிருந்தது. அதற்குப் பெயர் பிறவுணி.

பிறவுணியார் பீகிள் குலத்தவர். நரை விழுந்த மூக்கு, தீர்ப்பு எழுதிக் களைத்த நீதிபதியின் முகம். அவருடைய எசமானர் குலசிங்கத்தார், இங்கே குடியேறிய எமது ஊராரின் சங்கமான ஊர் ஒன்றியத்தின் தலைவர். எப்போதிலிருந்து என்று கேட்கக்கூடாது. ஒவ்வொரு வருடமும் போட்டியின்றித் தெரிவாகிறவர். போட்டி போட வந்தவர்களிடம் அவர் தன் கொள்கையை விளக்கத் தொடங்குவார், அவர்கள் பாதியில் வீட்டுக்குப் போய்விடுவார்கள், அவ்வளவுதான்.

தலைவர் உரை முடியும்வரை சாப்பாட்டுத் தட்டங்களின் மூடி திறக்கப்படாது என்ற விதியை ஒன்றியத்தின் யாப்பில், அதாவது அமைப்புச் சட்டத்தில், சேர்த்தவரும் அவரே. அந்த விதி வந்த பிறகு ஆண்டுக் கூட்டத்தில் ஒருவர்கூடப் பாதியில் எழுந்து போனதில்லை. இதைத் தன் நாவன்மைக்குச் சான்றாக அவர் அடிக்கடி எடுத்துக்காட்டுவார்.

வீட்டில் யாப்பு செல்லுபடியாகாது. அவர் தொண்டையைச் செருமினாலே மனைவி ஜெயமலர் கிரைண்டரைப் போட்டுவிடுவார். மகள் சாம்பவி காதுக்குள் எதையோ செருகிக்கொண்டு, "கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன் அப்பா, கோ ஓன்," என்பாள். உண்மையாகக் கேட்டவர் பிறவுணி ஒருவரே.

எப்படிக் கேட்பார் தெரியுமா! பேஸ்மென்றில் ஒத்திகை தொடங்கினால் காலடியில் வந்து குந்தியிருந்து, கண் வெட்டாமல் அண்ணாந்து பார்ப்பார். நாக்குத் தொங்கும். மூச்சு வாங்கும். பேச்சு சூடு பிடிக்கப் பிடிக்க வாயிலிருந்து நீர் வழியும். குலசிங்கத்தார் எப்போதும் வலது கையில் ஒரு மட்டன் ரோல்ஸை வைத்துக்கொண்டு பேசுகிறவர் என்பதும், உணர்ச்சிவசப்பட்டுக் கையை ஓங்கினால் அது உதிரும் என்பதும் இங்கே தேவையில்லாத விவரங்கள். குலசிங்கத்தாரும் அப்படித்தான் நினைத்திருந்தார்.

இந்த வருடத் தொடக்கத்தில் பிறவுணியாரின் ஆர்வம் கரை கடந்தது. கிண்ணம் கிண்ணமாகத் தண்ணீர் குடித்தார். குடித்ததைக் காப்பெற்றில் திருப்பிக் கொடுத்தார். வயிறு பானையாகியது, முதுகில் மயிர் கழன்றது, படி ஏறினால் மூச்சு இளைத்தது. வந்த விருந்தாளிகள் எல்லோரும் பாராட்டினார்கள்.

"நல்லாய்ச் சாப்பிட்டு வளர்ந்த நாய்," என்றார் ஒன்றியத்தின் செயலாளர் அன்புராசா. "அப்பிடியே அண்ணையின்ர தோற்றம்."

குலசிங்கத்தார் தன் வயிற்றைத் தடவிப் பெருமைப்பட்டார். காப்பெற்றைக் கழுவிக் கழுவிக் கை நொந்துபோன ஜெயமலர்தான் ஒருநாள் நாயையும் கணவரையும் சேர்த்துக் காரில் ஏற்றினார்.

மிருக வைத்தியர் ஸ்டெபனி இங்கேயே பிறந்து வளர்ந்தவர், மன்னார்ப் பக்கத்துக் குடும்பத்துப் பிள்ளை. நாள் முழுக்கப் பிறவுணியை வைத்திருந்து இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, இருவரையும் இருத்தி வைத்துச் சொன்னார்.

"அங்கிள், இது குஷிங்ஸ். மூளைக்குக் கீழ பிட்யூட்டரி எண்டு ஒரு குட்டிச் சுரப்பி இருக்கு. அதுதான் பொஸ். அதில ஒரு சின்னக் கட்டி வந்தா, ஒருத்தரும் கேக்காமலே அது ஓடர் போட்டுக்கொண்டே இருக்கும். நிப்பாட்டாது. மற்ற உறுப்பெல்லாம் பாவம், கிடந்து கஷ்டப்படும்."

ஜெயமலர் மெதுவாகத் திரும்பிக் கணவரைப் பார்த்தார். "நல்லா விளங்குது, பிள்ளை," என்றார்.

"அதுதான் இவ்வளவு பசியும் தண்ணி விடாயும். சாப்பாட்டைக் கண்டா அசையாமல் பாத்துக்கொண்டு இருக்குமா?"

"அது பசியில்லை, டொக்டர். ஆர்வம்," என்று குலசிங்கத்தார் திருத்தினார்.

"என்னத்தில?"

"என்ர பேச்சில."

ஸ்டெபனி கொஞ்ச நேரம் கொம்பியூட்டரைப் பார்த்தார். "பேசேக்க கையில ஏதும் வைச்சிருப்பீங்களா, அங்கிள்?"

"ஒரு ரோல்ஸ்."

"ஓகே," என்றார் ஸ்டெபனி, மிக மென்மையாக. "இது முழுசா மாறாது. ஆனா மனேஜ் பண்ணலாம். ஒவ்வொரு நாளும் காலமை சாப்பாட்டோட ஒரு கப்சூல். ரோல்ஸ் வேண்டாம். இடைக்கிடை இரத்த ரெஸ்ற் எடுத்து மருந்து வேலை செய்யுதோ எண்டு பாப்பம். சாப்பிடாமல் விட்டா, சத்தி எடுத்தா, மருந்தை நிப்பாட்டிட்டு எனக்குப் போன் அடியுங்கோ. மற்றும்படி நீங்களா நிப்பாட்டக்கூடாது."

வைத்தியரே "மனேஜ்" என்று சொல்லிவிட்டார். முகாமைத்துவம் என்றால் உபகுழு இல்லாமல் முடியுமா? அந்த ஞாயிற்றுக்கிழமையே பேஸ்மென்றில் நிர்வாக சபையின் அவசரக் கூட்டம் கூடியது. அன்புராசா விட்பியிலிருந்து காரோட்டி, வழமைபோலத் தலைமையுரை முடிகிற நேரத்துக்குச் சரியாக வந்து சேர்ந்தார்.

தலைவர் நோயின் அறிகுறிகளைக் கணீரென்று சபைக்கு அறிவித்தார்.

"தொந்தி வைத்தல். மயிர் கொட்டுதல். படி ஏறினால் மூச்சு வாங்குதல். ஓயாத பசி. அடிக்கடி எழும்பி ஒண்டுக்குப் போதல்."

சபையில் ஒருவர் போட்டிருந்த சேட்டை இழுத்து வயிற்றுக்கு மேல் விட்டார். இன்னொருவர் தலையைத் தடவிப் பார்த்தார். மேலே வோஷ்றூமுக்குப் போக எழுந்த மூன்றாமவர் யோசித்துவிட்டுத் திரும்ப இருந்தார்.

"அண்ணை, உது நாயளுக்கு மட்டும் வாற வருத்தமோ?" என்று அன்புராசா குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஆக்களுக்கும் வருமாம்."

"அப்ப அந்த டொக்டர்ப் பிள்ளையை ஆண்டுக் கூட்டத்துக்குப் பிரதம விருந்தினராய்க் கூப்பிடுவம். எல்லாரும் ஒருக்காக் காட்டலாம்."

ஏகமனதாக நிறைவேறியது. பிட்யூட்டரி சுரப்பியின் "எதேச்சாதிகாரப் போக்கை" வன்மையாகக் கண்டிக்கும் இரண்டாவது தீர்மானத்தைத் தலைவரே முன்மொழிந்தார். பிறகு நாய்க்குப் பாவற்காய்ச் சாறு நல்லதா வெந்தயம் நல்லதா என்று விவாதம் கொதித்து, ரோல்ஸ் தட்டம் வந்தவுடன் ஆறிப்போனது. அந்தத் தட்டத்தின் மேல் சபையோர் வைத்த பார்வையும் பிறவுணியார் வைத்த பார்வையும் ஒரே பார்வை என்பதைக் கூட்டக் குறிப்பில் சேர்க்கவில்லை.

மருந்தை என்னவோ ஜெயமலர்தான் இட்டலித் துண்டுக்குள் வைத்துக் காலையில் கொடுத்துவந்தார். உபகுழு மேற்பார்வை செய்தது.

மருந்து வேலை செய்தது. பிறவுணியார் கிண்ணத்துத் தண்ணீரைப் பாதியில் விட்டார். காப்பெற் காய்ந்தது. முதுகில் புதுமயிர் அரும்பியது. ஒருநாள் பார்க்கில் ஓர் அணிலைத் துரத்திக்கொண்டு ஓடினார். அதைப் பார்த்து ஜெயமலர் நடுப் பார்க்கில் நின்று அழுதார், அவ்வளவு சந்தோசம்.

அந்த மாலை குலசிங்கத்தார் பேஸ்மென்றில் ரோல்ஸைக் கையில் எடுத்தார். வைத்தியர் அதை நாய்க்குத்தானே மறித்தவர். "அன்பார்ந்த பெருமக்களே," என்று தொடங்கினார்.

பிறவுணியார் அவரைப் பார்த்தார். ரோல்ஸைப் பார்த்தார். ஒரு கொட்டாவி விட்டார். பிறகு எழுந்து, முன்னங்கால்களை நீட்டிச் சோம்பல் முறித்து, படியேறி மேலே போய், ஓடிக்கொண்டிருந்த கிரைண்டருக்குக் கீழே சுருண்டு நித்திரையாகிவிட்டார்.

குலசிங்கத்தார் ஆடிப்போனார். மண்டபம் முழுக்க எழுந்து போயிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார். அடுத்த நாள் மறைவாக நின்று வைத்தியருக்குப் போன் எடுத்தார்.

"டொக்டர், பிறவுணி சரியான சோர்வு."

"சாப்பிடுதா?"

"ஓம்."

"சத்தி எடுக்குதா?"

"இல்லை. அணில் கலைக்குது."

"அப்ப எந்த நேரம் சோர்வு?"

"நான் பேசேக்க."

"அங்கிள், அது நோர்மல்."

நோர்மல்! அந்த ஒரு சொல் அவரை மூன்று நாள் தூங்க விடவில்லை. நாலாம் நாள் சமையலறைக்கு வந்து, "இஞ்சேரும், நீர் பாவம். இனி நான் மருந்து குடுக்கிறன்," என்றார். ஜெயமலர் உருகிப்போனார். கலியாணம் கட்டிய காலத்திலிருந்து அந்த மனிதர் தானாக எடுத்த முதல் வீட்டு வேலை அது.

இட்டலித் துண்டு பிறவுணியாருக்குப் போனது. கப்சூல் குலசிங்கத்தாரின் கோட்டுப் பைக்குள் போனது. கூட்டம் முடியுமட்டும்தானே என்று அவர் தனக்கு விளக்கம் சொன்னார். நல்ல காரியங்களைக் கூட்டம் முடியும்வரை ஒத்திவைப்பது பெருந்தலைவர்களின் இயல்பு.

ஆர்வம் திரும்பியது. அதே கண், அதே நாக்கு, அதே நீர். குலசிங்கத்தார் மகிழ்ச்சி தாங்காமல் உரையில் "எதிர்காலச் சவால்கள்" என்று புதிதாக ஒரு பகுதி சேர்த்தார். காப்பெற்றும் நனையத் தொடங்கியது.

ஒரு பின்னேரம் ஒத்திகை முடிந்து அவர் மேலே ஏற, பிறவுணி பின்னால் ஏறினார். பாதிப் படியில் பின்னங்கால்கள் நடுங்கின. அப்படியே இருந்து, ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் மேலே பார்த்து இளைத்தார். கூட்டத்துக்குப் போடுகிற கோட்டை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்த ஜெயமலர் அந்த நேரம் பையைக் கவிழ்த்தார். கப்சூல்கள் மேசையில் உருண்டன.

"என்ன இது?"

வாழ்க்கையில் முதல் தடவையாகக் குலசிங்கத்தாருக்கு முன்னுரை வரவில்லை. "கூட்டம் முடியுமட்டும்..." என்றார்.

"உங்கட பேச்சைக் கேக்க ஒரு வருத்தக்காரன் வேணும், என்ன?" ஜெயமலர் கத்தவில்லை. கத்தியிருந்தால் கணவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "அந்த வாயில்லாச் சீவன் பசியிலதான் உங்களைப் பாத்தது. தீர்ந்த பசியை நீங்கள் திருப்பிக் குடுத்திருக்கிறீங்கள்."

குலசிங்கத்தார் போய்ப் படியில் இருந்தார். பிறவுணி இளைப்போடு இளைப்பாக அவருடைய முழங்காலில் தலையை வைத்தார். கையில் ரோல்ஸ் இல்லை, இருந்தும் வைத்தார். குலசிங்கத்தாருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கண் கலங்கியதை மறைக்கவும் தோன்றவில்லை. ஸ்டெபனிக்குப் போன் அடித்து உள்ளதை உள்ளபடி சொன்னார், நன்றாக ஏச்சு வாங்கினார், அவர் சொன்னபடி மருந்தைத் திரும்பத் தொடங்கினார். அதன் பிறகு ஒவ்வொரு காலையும் நாயின் தொண்டையால் இட்டலி இறங்குமட்டும் பக்கத்தில் குந்தியிருந்தார்.

நல்ல காலம், மண்டபம் கிடைக்காமல் ஆண்டுக் கூட்டம் இரண்டு மாதம் தள்ளிப்போனது. பிறவுணியாரையும் உள்ளே விட வேண்டும் என்று குலசிங்கத்தார் ஒற்றைக்காலில் நின்றார். "இது சேவை நாய்," என்றார். என்ன சேவை என்று மண்டபக்காரர் கேட்டதற்கு, "முந்திப் பேச்சுக் கேக்கிற சேவை. இப்ப ஓய்வு," என்றார்.

பிரதம விருந்தினர் ஸ்டெபனி பொன்னாடையோடு முன்வரிசையில் இருந்தார். நிர்வாக சபையினர் ஒவ்வொருவராக வந்து முழங்காலையும் சீனி வருத்தத்தையும் காட்டிப் போனார்கள். "நான் மிருக டொக்டர் எண்டு சொல்லியும் விடுகினம் இல்லை, அன்ரி," என்று அவர் ஜெயமலரிடம் முறையிட்டார்.

"பரவாயில்லை பிள்ளை, பாரும்," என்றார் ஜெயமலர்.

தலைவர் உரை தொடங்கியது. சபை அசையாமல் இருந்தது. எல்லோருடைய முகத்திலும் அந்த ஆர்வம், அந்த ஏக்கம். சிலருக்கு மூச்சுக்கூட வாங்கியது. "எதிர்காலச் சவால்கள்" பகுதிக்கு அவர் வந்தபோது, உணவுப் பொறுப்பாளர் ஜெயமலர் மண்டபத்தின் பின்பக்கம் போய், தட்டங்களின் மூடிகளை ஒவ்வொன்றாகத் தூக்கினார். பொரித்த ரோல்ஸின் மணம் எழுந்தது.

"இஞ்சேரும்! என்ன செய்யிறீர்?" என்று குலசிங்கத்தார் மைக்கிலேயே கேட்டார்.

"ரெஸ்ற் எடுக்கிறன். இடைக்கிடை எடுக்கச் சொல்லி டொக்டர் சொன்னவ."

ஒன்றியத்தின் வரலாற்றில் அப்படி ஓர் எழுச்சியை யாரும் கண்டதில்லை. கதிரைகள் சாய்ந்தன. மேடையில் இருந்த அன்புராசா படியைத் தேடாமல் நேரே குதித்தார். யாப்பு காற்றில் பறந்தது. முன்வரிசையில் மிஞ்சியது ஸ்டெபனியும் பிறவுணியும்தான். பிறவுணியின் மூக்கு ஒருதடவை மணத்தின் பக்கம் திரும்பியது. வீட்டிலேயே வயிறார இட்டலி சாப்பிட்ட மூக்கு, திரும்பி வந்துவிட்டது.

குலசிங்கத்தார் வாயை மூடினார். வெறும் கதிரைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் பிறவுணி எழுந்தார். இளைக்காமல், நிற்காமல், மேடைப் படிகளில் விறுவிறென்று ஏறி வந்து, குலசிங்கத்தாரின் சப்பாத்துகளின் மேல் தாடையை வைத்துப் படுத்துக்கொண்டார். ரோல்ஸுக்காக வரவில்லை. பேச்சுக்காகவும் வரவில்லை. இவ்வளவு காலமும் அந்த மனிதர் பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்ததுபோல இருந்தது. ஓர் உயிர் தன்னைச் சும்மா, எதுவும் கேட்காமல், விரும்புகிறது என்று அவருக்கு விளங்கியது. கீழே ஸ்டெபனியும் கண்ணைத் துடைத்தார்.

அத்தோடு நின்றிருக்கலாம். ஆனால் மைக் முன்னால் இருந்தது.

"அன்பார்ந்த பிறவுணி அவர்களே," என்று தொடங்கினார் தலைவர்.

பிறவுணியார் எழுந்து, சோம்பல் முறித்து, படியிறங்கி வெளியே போனார்.

ஒருத்தரும் கேட்காமலே ஓடர் போட்டுக்கொண்டிருக்கும், நிப்பாட்டாது, முழுசா மாறாது என்று டொக்டர் ஸ்டெபனி முதல் நாளே தெளிவாகச் சொல்லியிருந்தார். நாங்கள்தான் அதை நாயைப் பற்றிச் சொன்னதாக நினைத்து, மருந்தை நாய்க்குக் கொடுத்துவிட்டோம்.