ஆடாமல் நின்ற கொம்பையா

கொம்பையா விழுந்தது தரையில் அல்ல, சூப்பர்வைசர் கண்ணப்பன் மேல். பிடித்த பிடியில் அவருடைய இரண்டு சட்டைப் பொத்தான்கள் கையோடு வந்துவிட்டன.

"பரவால்லண்ணா, சூப்பரா ஆடுனீங்க!" என்று சிரித்தாள், பக்கத்தில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த நர்ஸ் மெர்சி. அவனுக்குக் காது சிவந்தது.

இருங்காட்டுக்கோட்டையில் அவர்களுடைய கார் உதிரிபாகத் தொழிற்சாலைக்குப் பெங்களூர்க் கல்லூரிக்காரர்கள் ஒரு பெட்டி கொண்டுவந்திருந்தார்கள். கண்ணில் மாட்டிக்கொண்டால் உள்ளே ஒரு பொய் அறை முன்னும் பின்னும் ஓடும். நாம் ஒரு தட்டின்மேல் சும்மா நிற்க வேண்டும். உடம்பு எவ்வளவு ஆடுகிறது என்று தட்டு சொல்லிவிடும். மூன்று சுற்று முடிந்ததும் ஒருவரை மட்டும் பத்து நாள் பெங்களூருக்குக் கூட்டிப்போவார்கள்.

அங்கேதான் அவனுக்கு நிச்சயித்த இசக்கிசெல்வி தையல் கம்பெனியில் இருக்கிறாள். "வாரேன்" என்று போனில் சொல்லியும் ஆயிற்று.

ஆட்டம் காணும் பாகங்களைப் பொறுக்கி ரிஜெக்ட் தொட்டியில் போடுவதுதான் நான்கு வருடமாக அவன் வேலை. ஆடினால் என்ன ஆகும் என்று அவன் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்து ஏறிய, கூட வேலை பார்க்கும் டில்லிபாபு இம்மிகூட அசையவில்லை. இறங்கும்போது முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டான். என்ன திமிர்!

"இன்னா கொம்பையா, எப்டிப்பா இப்டி ஆடுற? எனக்கும் கொஞ்சம் சொல்லிக்குடேன்."

"என்னல, நக்கலா பண்ணுத?"

பொறாமையில் கொம்பையாவுக்குச் சோறு இறங்கவில்லை. சுங்குவார்சத்திரத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நின்று பழகினான். இரண்டாம் நாளே செக்யூரிட்டியின் மடியில் உட்கார்ந்தான். பஸ் வாந்திக்கான மாத்திரை போட்டுக்கொண்டு இரண்டாம் சுற்றுக்குப் போனான். தூக்கக் கலக்கத்தில் மேஜையோடு சாய்ந்தான். மெர்சி ஏதோ எழுதி அதன் அடியில் இரண்டு கோடு போட்டாள்.

கடைசிச் சுற்றில்தான் மூளை வேலை செய்தது. பெட்டிக்குள் கண்ணை இறுக மூடிக்கொண்டான். அறை எங்கே ஓடினால் என்ன? நட்ட கல்லாக நின்றான்.

அவனுக்குப் பின் ஏறிய டில்லிபாபு ஒரே நிமிடத்தில் தடாலென்று விழுந்தான். கொம்பையாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

"பெங்களூருக்கு டில்லிபாபு அண்ணன்!" என்றாள் மெர்சி.

"சிஸ்டர், அவன் விழுந்துட்டாம்லா?"

"ஆடுறவங்கதாண்ணா அவங்களுக்கு வேணும். எந்த வேகத்துல ஆளு தள்ளாடுறாங்கன்னு பாக்கத்தானே அந்தப் பொட்டியே!"

கொம்பையா மேஜையைப் பிடித்துக்கொண்டான். மெர்சி குரலைத் தாழ்த்தினாள்.

"மொத ரெண்டு ரவுண்டும் நீங்கதாண்ணா ஃபர்ஸ்ட்டு, கடைசில ஆடாம நின்னு கெடுத்துட்டீங்க. அந்தப் பொறாமைல அவரு பாவம், உங்களாட்டம் வுழணும்னு மூணு நாளா வூட்ல மெத்தை போட்டு வுழுந்து பழகிக்கினு இருந்தாரு!"