மலர்வளையம் வந்து சேர்ந்தது

டுலூத், மின்னசோட்டா
ஜனவரி, ஞாயிற்றுக்கிழமை

அன்பும் பொறுப்பும் நிறைந்த மருமகன் டேரிலுக்கு,

தாய்மாமன் டொய்வோ மாக்கி ஆசி கூறி எழுதிக்கொண்டது. இங்கு எல்லோரும் சுகம், என்னையும் சேர்த்து. அங்கு நீயும் உன் மனைவியும் குழந்தைகளும் சுகமாக இருக்க வேண்டும். நீ அனுப்பிய மலர்வளையம் செவ்வாய்க்கிழமை நல்லபடியாக வந்து சேர்ந்தது. வெள்ளை லில்லிப் பூ, நல்ல பெரிய வளையம். உனக்கு என் மேல் இவ்வளவு பிரியம் இருந்தது இத்தனை நாள் எனக்குத் தெரியாமல் போய்விட்டது. 'மாமாவின் ஆன்மா சாந்தியடையட்டும்' என்று அட்டையில் எழுதியிருந்தாய். முயற்சி செய்கிறேன். பக்கத்து அறை லைல் தொலைக்காட்சியை அலறவிடுவதால் கொஞ்சம் சிரமமாக இருக்கிறது.

வளையத்தை முதலில் பார்த்தது பாம், எங்கள் முதியோர் இல்லத்தின் மேலாளர். "டொய்வோ, உங்க பேருக்குத்தான் வந்திருக்கு. ஆனா நீங்களே கையெழுத்துப் போட்டு வாங்கலாமான்னு தெரியலையே" என்று வாசலிலேயே நின்றுவிட்டாள். அதற்குள் எதிர் அறை டோலொரஸ் போதகருக்குப் போன் போட்டுவிட்டாள். பாவம் அந்த மனுஷர், இந்தப் பனியில் பத்து மைல் வண்டியோட்டி வந்து, சாப்பாட்டுக் கூடத்தில் நான் சூப் குடிப்பதைப் பார்த்துவிட்டு, எழுதிக்கொண்டு வந்த இரங்கல் உரையை வீணாக்குவானேன் என்று பாதி வாசித்தார். நன்றாகத்தான் இருந்தது, நான் பொறுமைசாலியாம். அந்த நேரம் பார்த்து அரிசோனாவிலிருந்து உன் அம்மா கூப்பிட்டாள். "டொய்வோ, நீ செத்துட்டியாமே?" என்றாள். "யாரு சொன்னா எல்வி?" என்றேன். "டேரில் சொன்னான். அவன் படிச்ச பையன், சும்மா சொல்லுவானா?" என்று என்னிடமே வழக்காடினாள். கடைசிவரை அவள் முழுதாக நம்பியதாகத் தெரியவில்லை.

விஷயத்தை அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். உங்கள் பல்கலைக்கழகத்தில் நூறு பேர் கேட்டால் நாலு பேரைத்தான் எடுப்பீர்களாம். யாருக்கு வாய்ப்பு, யாருக்கு இல்லை என்று எடைபோடுவதுதான் உன் உத்தியோகமாம். டாக்டருக்குப் படிக்க ஆசைப்படும் ஒரு பெண்ணின் விண்ணப்பம் உன் மேசைக்கு வந்ததாம். டுலூத்தில் ஒரு முதியோர் இல்லத்தில், பனி வாரும் இயந்திரத்துக்கு இரண்டு விரலைக் கொடுத்த, சீட்டாட்டத்தில் கள்ளாட்டம் ஆடுகிற டொய்வோ என்ற கிழவர் நிமோனியா வந்து தன் கையைப் பிடித்தபடியே உயிரை விட்டதாகவும், அன்றுதான் மருத்துவராக வேண்டும் என்று தான் முடிவெடுத்ததாகவும் அவள் கட்டுரை எழுதியிருந்தாளாம். படித்துவிட்டு நீ மேசையிலேயே அழுதாயாம். அழுததற்கு நன்றி. ஒரு போன் போட்டிருக்கலாம்.

அந்தப் பெண் இங்ரிட் ஹௌகன். பதினேழு வயது. புதன்கிழமைதோறும் தொண்டு செய்ய வருவாள். அதாவது என்னோடு சீட்டாடுவாள். இந்தப் புதன்கிழமை வந்தவள், என் கட்டிலுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருந்த வளையத்தைப் பார்த்தாள், அட்டையில் உன் பெயரையும் உங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரையும் பார்த்தாள், நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலும் மறைக்கலாம், முழுக் கிழவனை மறைக்க முடியுமா?

"மிஸ்டர் மாக்கி, மன்னிச்சிருங்க. எங்க அம்மா ஒரு ஆலோசகரை வெச்சிருக்காங்க, விண்ணப்பம் எழுதறதுக்கு. டாக்டருக்குப் படிக்கப் போறவங்க கட்டுரையில ஒருத்தராவது சாகணும்னு அவங்கதான் சொன்னாங்க."

"அதுக்கு நான்தான் கெடச்சேனா? உன் வீட்ல யாரும் இல்லையா?"

"ரெண்டு பாட்டியும் நல்லா இருக்காங்க. ஒருத்தங்க நீச்சல் போட்டிக்குப் போறாங்க. எங்க நாய்கூட சாகல."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருந்தா சரின்னு சொல்லியிருப்பீங்களா?"

"சொல்லியிருப்பேன். ஆனா நிமோனியா வேணாம்னு சொல்லியிருப்பேன். ஏரியில மீன் பிடிக்கப் போய் பனிக்கட்டி உடைஞ்சு செத்தேன்னு எழுதியிருக்கலாம். கௌரவமா இருந்திருக்கும்."

கட்டுரையைக் கைப்பேசியில் காட்டினாள். என் கடைசி வார்த்தை, "இங்ரிட், இந்த உலகத்தைக் குணப்படுத்து" என்பதாம். டேரில், நீ என் தங்கை மகன். நான் எப்போதாவது அப்படிப் பேசுகிறவனா? சாகும்போது பக்கத்தில் ஒரு பெண் இருந்தால், "கதவைச் சாத்தும்மா, சூடெல்லாம் வெளிய போகுது" என்று சொல்வேன். அந்த ஒரு வரியிலேயே நீ பொய் என்று கண்டுபிடித்திருக்க வேண்டும்.

இந்த விஷயம் கசிந்ததிலிருந்து டோலொரஸ் என்னோடு பேசுவதில்லை. "எனக்குத் தொண்ணூத்தொண்ணு ஆகுது, என்னைக் கொல்லணும்னு ஒரு பிள்ளைக்கும் தோணல பாரு" என்று பாமிடம் அழுதிருக்கிறாள். பாம் விசாரித்துப் பார்த்ததில் போன வருஷம் இரண்டு பையன்கள் அவளைக் கொன்றிருப்பது தெரிந்தது, ஒருவனுக்கு இடமும் கிடைத்திருக்கிறது. இப்போது தலை நிமிர்ந்து நடக்கிறாள். நிஜத்தில் போன வருஷம் இங்கே செத்தவர் வால்டர் ஒருவர்தான். அவரைப் பற்றி யாரும் எழுதவில்லை. அவர் யாரோடும் சீட்டாடமாட்டார்.

எடைபோடுவது உன் தொழில் என்பதால் என் பக்கத்து எடையையும் சொல்லிவிடுகிறேன். இங்ரிட்டின் கை எப்போதும் ஐஸ் மாதிரி இருக்கும், நோயாளிகள் அலறுவார்கள். சீட்டில் நல்ல கார்டு வந்தால் முகம் சிவந்துவிடும், பொய் சொல்லவே வராது. இந்தக் கட்டுரை எப்படி வந்தது என்று எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். ஆனால் நவம்பரில் ஒரு மதியம், உருளைக்கிழங்கு போட்டுச் சுட்ட கறி சாப்பிடும்போது லைலுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. மூஞ்சி ஊதா நிறமாகிவிட்டது. நாங்கள் ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருந்தோம். இந்தப் பெண் பின்னாலிருந்து அவனைக் கட்டிப் பிடித்து வயிற்றில் ஓங்கி ஓங்கி அமுக்கினாள். கிழங்கு பறந்துபோய் டோலொரஸ் தட்டில் விழுந்தது. லைல் மூச்சு வாங்கியதும், இவள் கழிவறைக்குப் போய் வாந்தி எடுத்தாள், முகம் கழுவிக்கொண்டு வந்தாள், விட்ட ஆட்டத்தை உட்கார்ந்து முடித்தாள், தோற்றாள். தொலைக்காட்சிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நான் அவளைத் திட்டுவது வேறு விஷயம்.

"அடிப்பாவி, அதை எழுதியிருக்கலாமே!" என்றேன்.

"பிழைச்சவங்களைப் பத்தி எழுதினா தற்பெருமையாம் மிஸ்டர் மாக்கி. செத்தவங்களைப் பத்தி எழுதினாத்தான் பணிவாம். லைல் கதையை ஆலோசகர் அடிச்சு நீக்கிட்டாங்க."

பொய் எழுதியதை உங்கள் அலுவலகத்துக்குத் தானே எழுதி ஒப்புக்கொள்ளப் போகிறாளாம். எழுதினால் அவள் கதை முடிந்தது. டேரில், அவள் பாட்டுக்குக் கட்டுரை எழுதினாள், நான் பாட்டுக்கு உயிரோடு இருந்தேன், ஒருவருக்கொருவர் தொந்தரவில்லை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தது நீ. நான் உயிரோடு இருப்பதே ஒரு நல்ல பெண்ணுக்குக் கெடுதலாகிவிட்டதே என்று எனக்கு மனசு ஆறவில்லை. அந்தக் கட்டுரையைத் தள்ளிவிட்டு லைலின் கதையை வைத்து அவளை எடைபோடு. லைல் சாட்சி சொல்வான், சத்தமாகவே சொல்வான். அவளை எடுத்துக்கொள். அதற்கு நான் செத்தவனாகவே இருந்தாக வேண்டுமென்றால் இருந்துவிட்டுப் போகிறேன். நீ கூப்பிட்டே மூன்று வருஷம் ஆகிறது, உனக்கு வித்தியாசம் தெரியாது.

உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகள் நீண்ட ஆயுளோடும் நல்ல பற்களோடும் இருக்க வாழ்த்துகிறேன். கர்த்தர் உன்னைக் காப்பாராக. வளையத்துக்கு மீண்டும் நன்றி.

இப்படிக்கு,
உன் மாமா
டொய்வோ மாக்கி

பி.கு.: உறையை ஒட்டிவிட்டு மறுபடி பிரித்தேன். உங்கள் பல்கலைக்கழகம் இங்கிருந்து எவ்வளவு தூரம் என்று பாமிடம் கேட்டேன். இரண்டு விமானம் மாறிப் போக வேண்டுமாம். போனால் இங்ரிட் கிறிஸ்துமஸுக்கு ஒருமுறை வருவாளோ என்னவோ. இது எனக்கு ஏன் முன்னமே உறைக்கவில்லை என்று தெரியவில்லை. இந்த ஊர்க் கல்லூரியிலும் அதே படிப்பு இருக்கிறது. எங்கள் வாசலிலிருந்தே பஸ். மனுஷனுக்கு எலும்பு இங்கேயும் இருநூற்றாறுதான். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு. புதன்கிழமைக்கு எனக்கு அவளை விட்டால் யாரும் இல்லை, டேரில். அவள் பொய் சொன்ன பெண். சாட்சிக்கு நான் உயிரோடு இருக்கிறேன். அவளை எடுக்காதே.