விண்வெளிக் குப்பைக்கு ஒரு சட்டம்

காபிக் கோப்பையை வைக்க மேசையில் இடமில்லை. அதனால் தட்டச்சர் தன் முன்னால் படுத்திருந்த நாட்டுப் பெயர்ப் பலகையை நிமிர்த்தி வைத்தார். அந்த மனுஷன் செய்தது அவ்வளவுதான்.

"பலகையை நிமித்திட்டீங்க. சொல்லுங்க, என்ன பேசணும்?" என்றார் மேடையில் இருந்த தலைவர்.

பலகை நின்றால் பேச வேண்டும் என்பது அங்கே வழக்கமாம். இவருக்கு யார் சொன்னார்கள்?

விண்வெளியில் சுற்றும் உடைந்த இரும்புக் குப்பையை எந்த நாடு பெருக்குவது என்று உலகச் சட்டம் எழுதும் கூட்டம் அது. வரவேண்டியவர் இவருடைய மேலதிகாரி. பல்வலி என்று படுத்துக்கொண்டு, "என் இடத்துல போய் உக்காரு. வாயைத் தொறந்தே, வேலை போச்சு!" என்று இவரை அனுப்பிவிட்டார்.

தட்டச்சர் வாயைத் திறக்காமல், ஒன்றுமில்லை என்று தலையை இடதும் வலதுமாக ஆட்டினார்.

"எதிர்ப்பா? ஒரு நாடு எதிர்த்தாலும் சட்டம் நிறைவேறாதே!" என்று தலைவர் பதறினார்.

இவர் அவசரமாகப் பலகையைப் படுக்க வைத்தார்.

"எதிர்ப்பை வாபஸ் வாங்கிட்டாரு!" கைதட்டல் கூரையைப் பிளந்தது.

ஐயையோ, குப்பை பெருக்க நம் நாட்டையே அனுப்பிவிட்டோமோ! மறுபடி நிமிர்த்தினார்.

"அப்ப ஏதோ திருத்தம் வெச்சிருக்காரு. என்ன திருத்தம்?"

"யோ... யோசிச்சுச் சொல்றேங்க."

"பிரமாதம்! யோசிக்க ஒரு துணைக்குழு போட்டுடுவோம். இவரே அதுக்குத் தலைவர். சட்டத்தை அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியே விட்டது. தட்டச்சர் பாவம், தட்டச்சு இயந்திரத்தைத் தவிர எதையும் அதட்டியறியாதவர். வேலை போனால் போகட்டும், உலகத்தையே ஏமாற்றிய பழி நமக்கு வேண்டாம் என்று எழுந்து நின்றார்.

"ஐயா, எல்லாரும் மன்னிக்கணும். நான் அதிகாரியே இல்லீங்க. வெறும்..."

அதுவரை கோட்டும் டையுமாகக் கம்பீரமாய்த் தலையசைத்துக்கொண்டிருந்த பக்கத்து நாட்டுக்காரர், இவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

"சும்மா இருங்க சார், எல்லார் பொழப்பையும் கெடுத்துடாதீங்க!" என்று காதோடு சீறினார். "நான் எங்க அதிகாரி வீட்டுச் சமையல்காரன். மேடையில உக்காந்திருக்காரே, அவரு தலைவரோட டிரைவரு!"