உட்கார்ந்தபடி ஒரு நடைபாதைப் பேரவை

சோபாக் கடைக்காரருக்கு உலகத்தில் பிடிக்காத வார்த்தை ஒன்றுதான்: நட. ஊரையே உட்கார வைத்துப் பிழைப்பவர் அவர். அவரைப் போய் டாக்டர் தினமும் நடக்கச் சொல்லிவிட்டார். இதயம் கொஞ்சம் சோம்பிக் கிடக்கிறதாம்.

அன்றிலிருந்து சாயங்காலமானால் மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பாள்.

"வாங்க, ஏரிக்கரை வரைக்கும் போயிட்டு வந்துடலாம்."

அவரும் விதவிதமாகச் சாக்குச் சொன்னார். முழங்கால் வலி. கடைக்குச் சரக்கு வருகிறது. வானம் இருட்டுகிறது. அவள் மறுபேச்சுப் பேசாமல் தனியாகப் போய்விட்டு வருவாள். வந்து செருப்பைக் கழற்றும்போது ஒரு பார்வை பார்ப்பாள் பாருங்கள், அதுதான் மனுஷனைப் படுத்தியது. திட்டினாலாவது பதிலுக்குத் திட்டலாம்.

சாக்கெல்லாம் தீர்ந்துபோன ஒருநாள் அவருக்கு மகத்தான யோசனை பிறந்தது.

"தேசிய அளவுல ஒரு அமைப்பு ஆரம்பிக்கப் போறேன்," என்றார், சோபாவில் சாய்ந்தபடி. "தேசிய நடைபாதைப் பேரவை! காட்டுப் பாதை, மலைப் பாதை, ஏரிக்கரைப் பாதைன்னு நாட்டுல எவ்வளவு இருக்கு? ஜனங்க உல்லாசமா நடக்கற இடம். ஒரு பெஞ்ச் உண்டா? வழி காட்ட ஒரு பலகை உண்டா? கேக்க நாதியில்ல!"

"நல்லதுதான். அதுக்கு முதல்ல நீங்க நடக்கணுமே?"

"அட அசடே! நான் நடந்தா நான் ஒருத்தன்தான் நடந்தேன். நாடே நடக்கணும்னா யாராவது ஒருத்தர் உட்கார்ந்து யோசிக்கணும்ல?"

அவள் சிரித்தாள். கூட்டுறவுச் சங்கத்தில் பல வருஷமாகக் கூட்டங்களை நடத்தி வைப்பவள் அவள். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோதே இவர் சுதாரித்திருக்க வேண்டும்.

பேரவையின் தொடக்கக் கூட்டம் வீட்டு ஹாலில் நடந்தது. எதிர்வீட்டு ரயில் டிரைவர் வந்தார். தெருமுனை சலூன்காரர் வந்தார். ஏரியில் படகு வாடகைக்கு விடும் அம்மாவும் வந்தார்.

"தேசியம்னீங்க, விரல் விட்டு எண்ணிடலாம் போலிருக்கே?" என்றார் ரயில் டிரைவர்.

"உங்களுக்குத் தெரியாததா? முதல்ல எஞ்சின் கிளம்பட்டும், பெட்டியெல்லாம் தானா மாட்டிக்கும்!"

ஒருமனதாக அவரே தலைவர். கடையிலேயே கொழுத்த சோபா தலைவர் ஆசனம். மனைவி செயலாளர். டீயைக் கொடுத்துவிட்டு அவள் மெதுவாகக் கேட்டாள்.

"சின்னதா ரெண்டு விதி சேத்துக்கலாமா?"

"தாராளமா!"

"தலைவர் நடந்து பார்த்து நல்லாயிருக்குன்னு சொல்ற பாதைக்குத்தான் பேரவை உதவி செய்யணும்."

தலைவருக்கு டீ புரையேறியது. "அதுக்கு ஒரு குழு போட்டுக்கலாமே?"

"குழு சொன்னா யாரு நம்புவா? தலைவர் வாக்கு மாதிரி வருமா?"

எல்லோரும் கை தட்டினார்கள். உச்சி குளிர்ந்துபோய் அவரும் தலையாட்டிவிட்டார். ஏரிக்கு அந்தக் கோடியில் படகு அம்மாவின் கொட்டகைதான் அலுவலகம், பேரவைக் காரியம் எல்லாம் அங்கேதான் என்றது அடுத்த விதி. அங்கே வண்டி போகாது. கைதட்டல் சத்தத்தில் அதற்கும் சரி என்றுவிட்டார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

மறுநாள் ஏரிக்கரைப் பாதையில் தலைவரின் முதல் ஆய்வு. பாதி தூரத்தில் ஷூ கயிறு அவிழ்ந்தது. குனிந்தால் மூச்சு முட்டியது. மனைவி மண்ணிலேயே மண்டியிட்டுக் கட்டிவிட்டாள்.

"ஏம்மா இப்படி என் உயிரை எடுக்கற?"

"எடுக்கல. பிடிச்சு வச்சுக்கறேன்." அவள் நிமிரவில்லை. "அன்னிக்கு மாடிப்படியில நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தீங்களே. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. இந்தப் பாதையில தினமும் தனியா நடக்கறப்போ, கடைசிவரைக்கும் இப்படித்தானோன்னு பயமா இருக்கும்."

இத்தனை நாளும் அவள் பார்த்த பார்வையின் அர்த்தம் அவருக்கு இப்போதுதான் புரிந்தது. கையைக் கொடுத்து அவளைத் தூக்கிவிட்டார். பிடித்த கையை வீடு வரைக்கும் விடவில்லை.

ஆனால் பாசம் வேறு, கால் வலி வேறு. அடுத்த நாள் தைலம் தேய்த்துக்கொண்டே அறிவித்தார்.

"பாதை பிரமாதம். தலைவர் வேலை முடிஞ்சுது. நான் ராஜினாமா!"

"தாராளமா. செயலாளர்கிட்ட சொல்லிடுங்க."

"நீதானே செயலாளர்? அதான் சொல்லிட்டேனே!"

"வீட்டுல நான் உங்க பொண்டாட்டி. செயலாளர் அலுவலகத்துலதான் இருப்பாங்க."

விதி விதிதான். அன்று சாயங்காலம் ராஜினாமாவைச் சொல்ல ஏரிக்கரை முழுக்க நடந்தார். பக்கத்திலேயே மனைவியும் நடந்தாள். நடுவில் ஒரு கொக்கைக் காட்டினாள். ஏதோ சொன்னாள், அவர் சிரித்தார். முழங்காலை மறந்தேபோனார். கொட்டகை வந்ததும் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, தொண்டையைக் கனைத்தார்.

"செயலாளர் அம்மா, என் ராஜினாமா…"

அவள் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.

"இன்னிக்கு ஆபீஸ் லீவு. நாளைக்கு வாங்க."